எழுபத்து நான்கு சதவீத ஒற்றுமை

அந்தச் செய்தி வந்தபோது மையத்தின் சமையலறையில் முப்பது பிள்ளைகளுக்கு முள்ளங்கி சூப் கொதித்துக்கொண்டிருந்தது. ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துவிட்டுப் போனை எடுத்தேன்.

'குடும்ப நலப் பாடத்தில் உங்கள் கட்டுரைக்கும் அதே வகுப்பில் உள்ள இன்னொருவரின் கட்டுரைக்கும் எழுபத்து நான்கு சதவீதம் ஒற்றுமை காணப்படுகிறது. மூன்று நாட்களுக்குள் தக்க விளக்கம் வராவிட்டால் இருவருக்கும் பூஜ்யம் வழங்கப்படும்.'

அந்த இன்னொருவர் யாரென்று செய்தியில் இல்லை. எனக்குத் தெரியும். என் கணவர்.

"சித்தி, சூப் பொங்குது!" என்று ஜன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் கத்தினாள்.

அடுப்பைக் குறைத்தேன். மறுபடி போனைப் பார்த்தேன். எழுபத்து நான்கு, எழுபத்து நான்காகவே இருந்தது.

பள்ளி விட்டு வரும் பிள்ளைகளை மாலை ஏழு மணி வரை வைத்துப் பார்த்துக்கொள்ளும் மையம் எங்களுடையது. மோக்போ துறைமுகத்துக்குப் போகும் சாலையில், மருந்துக்கடைக்கு மேலே இரண்டாவது மாடி. அங்கே வேலை செய்கிற எல்லோரையும் பிள்ளைகள் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். என்னை மட்டும் சித்தி. சமையல்காரியை அப்படித்தான் கூப்பிடுவது. ஆறு வருடமாக அந்தப் பிள்ளைகளில் யாருக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது, யாருடைய அப்பா வீட்டுக்கு வந்து எத்தனை நாளாகிறது என்பதெல்லாம் எனக்குத்தான் முதலில் தெரியும். இருந்தாலும் நான் சித்திதான்.

போன வருடம் மையத்தின் தலைவி ஹ்வாங் அம்மா என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "கும்ஜு, அடுத்த வருஷம் செப்டம்பர்ல ஒரு டீச்சர் வேலைய விட்டுப் போறாங்க. அந்த இடத்துல உன்னப் போடணும்னு எனக்கு ஆசை. ஆனா சமூகப் பணி உரிமம் இல்லாம போட முடியாது. பட்டம் இல்லாம உரிமம் கிடையாது. பட்டத்துக்கு என்ன வழின்னு நீதான் பார்க்கணும்."

வழியை ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தேன். கிரெடிட் வங்கி. கல்லூரிக்குப் போக வேண்டாம். இங்கே ஒரு பாடம், அங்கே ஒரு சான்றிதழ் என்று சேர்த்துச் சேர்த்து எண்பது கிரெடிட் வந்தால் அரசாங்கமே இளநிலைப் பட்டம் கொடுத்துவிடும். கல்லூரியில் ஒரு பருவத்துக்குக் கட்டுகிற பணத்தில் இதில் முழுப் படிப்பும் முடிந்து மிச்சமும் இருக்கும். இருபது வருடத்துக்கு முன்பு ஒரு பருவம் படித்துவிட்டு நின்ற கல்லூரியிலிருந்து எனக்குப் பதினெட்டு வந்தது. கணினிச் சான்றிதழுக்கு ஆறு. மீதியை இணையத்தில் பாடம் பாடமாகச் சேர்த்தேன். இந்தப் பருவத்தோடு எண்பத்தொன்று ஆகிவிடும். ஜூலையில் விண்ணப்பம், ஆகஸ்ட் கடைசியில் பட்டம்.

இந்த ஒரு பாடம் போனால் எழுபத்தெட்டு. அடுத்த விண்ணப்பத்துக்கு அக்டோபர் வரை காத்திருக்க வேண்டும். பட்டம் அடுத்த பிப்ரவரியில்தான். செப்டம்பர் எனக்காக நிற்காது.

சூப்பில் உப்புப் போட்டேனா என்று சந்தேகம் வந்தது. மறுபடியும் போட்டேன். அன்றைக்குப் பிள்ளைகள் தண்ணீரை அதிகம் குடித்தார்கள்.

என் கணவர் மான்சு மீன் லாரி ஓட்டுகிறார். விடிவதற்கு முன்பே துறைமுகத்தில் சரக்கேற்றிக்கொண்டு குவாங்ஜு போய், மூன்று மணிக்குத் திரும்புவார். நான் ஏழரைக்கு வீட்டுக்கு வரும்போது அவருக்குக் கண் சொக்கிக்கொண்டிருக்கும். ஒரு நாளில் நாங்கள் இருவரும் விழித்தபடி ஒரே வீட்டில் இருப்பது ஒரு மணி நேரம்.

அவரைப் படிப்பில் சேர்த்தது நான்தான். இணையக் கல்வி நிறுவனத்தின் ஆலோசகர் மா, போனில் மட்டுமே பேசுகிற பெண், முகத்தைப் பார்த்ததே இல்லை, ஒரு நாள் சொன்னாள். "அக்கா, குடும்பத்துல ரெண்டு பேரா சேர்ந்தா மூணுல ஒரு பங்கு தள்ளுபடி. உங்க வீட்டுக்காரரையும் சேர்த்துடுங்க." அவருக்கும் இடுப்பு வலி. எத்தனை வருடம் லாரி ஓட்ட முடியும்?

"எனக்கெதுக்கு? மீனுக்கா பட்டம் காட்டப் போறேன்?" என்றார்.

"தள்ளுபடி கிடைக்குதுல்ல."

"அப்ப என்னத் தள்ளுபடிக்காகச் சேர்க்கற."

சேர்த்துவிட்டேன். சரக்கு இறக்க வரிசையில் நிற்கும்போதெல்லாம் அவர் லாரியில் உட்கார்ந்து பாடம் கேட்டார். இடைத்தேர்வில் முப்பதுக்கு இருபத்து நான்கு வாங்கினார். எனக்குப் பத்தொன்பது. அதை அவர் ஒரு வாரம் சொல்லிக்காட்டினார்.

பிறகு கட்டுரை வந்தது. தலைப்பு, 'என் குடும்பத்தின் வரைபடமும் உறவுகளும்'. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் போட்டு மூன்று தலைமுறை வரைய வேண்டும். சாதாரண உறவுக்கு ஒற்றைக் கோடு. நெருங்கியவர்களுக்கு நடுவில் இரட்டைக் கோடு. சண்டைக்காரர்களுக்கு நடுவில் வளைந்து நெளியும் கோடு. விலகி இருப்பவர்களுக்குப் புள்ளிக் கோடு. கீழே விளக்கம் எழுத வேண்டும். கடைசி நாளன்று அவருக்குக் காய்ச்சல். வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். நான் என்னுடையதை முடித்திருந்தேன். அதையே எடுத்து, 'என் கணவர்' என்று இருந்த இடத்தில் 'நான்' என்றும், 'என் மாமியார்' என்று இருந்த இடத்தில் 'என் அம்மா' என்றும் மாற்றி, இரண்டு மூன்று வாக்கியத்தை முன்பின்னாகப் போட்டு, அவர் பெயரில் அனுப்பிவிட்டேன். ஒரே குடும்பம்தானே என்று நினைத்தேன். அதில் வேறென்ன எழுத இருக்கிறது?

அன்று மாலை வீட்டுக்குள் நுழைந்ததுமே சொன்னேன்.

"ஏங்க, மாட்டிக்கிட்டோம்."

அவர் கடற்பாசியில் சோற்றைச் சுற்றி வாயில் போட்டுக்கொண்டிருந்தார். "என்ன, வரி விஷயமா?"

"கட்டுரை. உங்களுதும் என்னுதும் எழுபத்து நாலு சதவீதம் ஒண்ணா இருக்காம்."

"நான் எப்பக் கட்டுரை எழுதினேன்?"

எங்கள் மகள் சேபோம் போனிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னாள். பதினான்கு வயது. "அப்பா, நீ எழுதின. அம்மா கையால."

"சேபோம் அம்மா, என் பேர்ல என்ன எழுதின?"

"நம்ம குடும்பத்தப் பத்திதான். இருக்கறததான் எழுதினேன்."

"எனக்கே தெரியாம என் குடும்பமா?"

"உங்களுக்குக் காய்ச்சல்!"

அவர் சோற்றை மென்று விழுங்கினார். வேறொன்றும் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி ஆற்றிக்கொண்டிருப்பேன். எட்டரைக்கெல்லாம் தூங்கப் போய்விட்டார்.

ஆலோசகர் மாவிடம் கேட்டதற்கு அவள் கைகூப்பும் பொம்மைகளாக அனுப்பிவிட்டு எழுதினாள். 'அக்கா, கணவன் மனைவி, ஒரே குடும்பம், அதனாலதான் ஒண்ணா இருக்குன்னு எழுதுங்க. உண்மைதானே.' அப்படியே எழுதி அனுப்பினேன்.

சனிக்கிழமை மதியம் பேராசிரியர் பியோவிடமிருந்து பதில் வந்தது. 'நீங்கள் சொல்வது சாத்தியம்தான். எனவே இருவரும் தனித்தனியாக, கையால், அதே வரைபடத்தை வரைந்து ஒரு பக்கம் விளக்கம் எழுதிப் படம் எடுத்து ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் அனுப்புங்கள்.'

ஞாயிறு காலை சாப்பிட்டதுமே மேசையைத் துடைத்து இரண்டு தாள் போட்டேன். முதலில் அனுப்பிய இரண்டு கட்டுரையையும் நடுவில் வைத்தேன்.

"பாருங்க. உங்க அப்பா மேல இடது பக்கம். சதுரத்துக்குள்ள குறுக்குக் கோடு, இறந்துட்டாருல்ல. உங்க தம்பிக்கும் உங்களுக்கும் நெளிகோடு. அத்தைக்கும் எனக்கும் ஒத்தக் கோடு."

"எங்க அம்மாவுக்கும் உனக்கும் ஒத்தக் கோடா?" என்று சிரித்தார். "போன சூசோக் பண்டிகைக்கு என்ன பேச்சுப் பேசினீங்க ரெண்டு பேரும்!"

"படிப்புல அதெல்லாம் போட முடியுமா? நமக்கு நடுவுல இரட்டைக் கோடு."

அவர் அதில் ஒன்றைக் கையில் எடுத்தார். அவர் பெயரில் போனதை அப்போதுதான் முதல் தடவையாகப் படித்தார். மெதுவாக, உதட்டை அசைத்துக்கொண்டு படித்தார். பிறகு தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"எங்க போறீங்க?"

"லாரில உட்கார்ந்து எழுதறேன்."

"நான் சொல்லச் சொல்ல எழுதினா அரை மணி நேரத்துல முடிஞ்சுடும்."

"தனித்தனியான்னு போட்டிருக்கு. எனக்குப் படிக்கத் தெரியும்."

கதவு சாத்திக்கொண்டது. நான் என்னுடையதை இருபது நிமிடத்தில் முடித்தேன். பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. துணி துவைத்தேன். காய்ந்த துணியை மறுபடி மடித்தேன். ஜன்னலில் எட்டிப் பார்த்தால் கீழே லாரியின் கண்ணாடிக்குப் பின்னால் அவர் தலை குனிந்திருந்தது. பன்னிரண்டு மணிக்கும் அப்படியே. ஒன்றரைக்கும் அப்படியே. ஒரு தட்டில் கடற்பாசியில் சுற்றிய கிம்பாப் சோற்றை வைத்து சேபோமிடம் கொடுத்தனுப்பினேன்.

"என்ன எழுதறாரு, பார்த்தியா?"

"கையால மறைச்சுக்கிட்டாரும்மா. பரீட்சைல எங்க கிளாஸ் பசங்க மறைக்கற மாதிரி."

ஐந்து மணிக்கு மாடியேறி வந்தார். "அனுப்பிட்டேன்" என்றார்.

"என்கிட்ட காட்டாமலா? பிறந்த வருஷம் சரியா போட்டீங்களா? அத்தையோடது நாப்பத்தொம்பது."

"எங்க அம்மா பிறந்த வருஷம் எனக்குத் தெரியாதா?"

அவர் குளிக்கப் போனதும் மேசையில் கிடந்த தாளை எடுத்தேன். வட்டமெல்லாம் உருளைக்கிழங்கு மாதிரி இருந்தது. அவருக்கும் அவர் அம்மாவுக்கும் இரட்டைக் கோடு. சேபோமுக்கும் அவருக்கும் இரட்டைக் கோடு. நான் நெளிகோடு போட்ட தம்பிக்கு ஒற்றைக் கோடு. அவருடைய சதுரத்துக்கும் என்னுடைய வட்டத்துக்கும் நடுவில் புள்ளிப் புள்ளியாக வைத்திருந்தார். அவசரத்தில் வைத்த புள்ளிகள் அல்ல. ஒவ்வொன்றையும் பேனாவை அழுத்தி வைத்திருந்தார்.

கீழே விளக்கத்தில் இரண்டே வரி. 'என் மனைவி நல்லவள். இரண்டு வருடமாக அவள் என்னிடம் கேட்கிற கேள்விகள், சாப்பிட்டாயா, பாடம் கேட்டாயா, கட்டணம் கட்டினாயா என்பவை.'

தாளோடு குளியலறைக் கதவருகில் போய் நின்றேன். தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவர் என் கையில் தாளைப் பார்த்தார்.

"இத அனுப்பிட்டீங்களா? அந்தப் பேராசிரியர் அம்மாவுக்கு?"

"அதுதானே கேட்டாங்க."

"என்னோட படிப்பு போகும்னு தெரியாதா உங்களுக்கு? செப்டம்பர் போகும்!"

"தெரியும்." கொஞ்ச நேரம் துண்டைப் பிழிந்தார், அதில் தண்ணீரே இல்லை. "லாரில உட்கார்ந்து இரட்டைக் கோடுதான் முதல்ல போட்டேன். கை வரல. கிழிச்சுட்டு வேற தாள் எடுத்தேன். மறுபடியும் வரல. நீ எழுதினத படிச்சேனே, 'மனைவியிடம் எல்லாவற்றையும் மனம் விட்டுப் பேசுவேன்'னு போட்டிருந்த. எனக்கு இடுப்புல ஊசி போட்டது உனக்குத் தெரியுமா?"

"எப்ப?"

"மார்ச்ல."

எனக்குத் தெரியாது. மார்ச்சில் பருவம் தொடங்கியது. ஆறு பாடம் எடுத்திருந்தேன்.

கோபம் போகவில்லை. அது போகாமலே அதன் பக்கத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. அன்றிரவு அவர் தூங்கினார். நான் புரண்டேன்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்குப் பேராசிரியர் பியோ போன் செய்தார். நான் நினைத்ததைவிட இளமையான குரல்.

"உங்க ரெண்டு பேர் வரைபடமும் பார்த்தேங்க. உங்களுது முதல்ல அனுப்பினது மாதிரியேதான் இருக்கு. உங்க வீட்டுக்காரரோடது வேற மாதிரி இருக்கு. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கற கோடு."

"ஆமாங்க."

"ஒரு மாசத்துல மனசு மாறலாம். குடும்பத்துல அது சகஜம். அப்படித்தான் ஆச்சுன்னு நீங்க சொன்னா நான் எழுதிக்கறேன். ரெண்டு கட்டுரையும் செல்லும்."

அவர் கதவைத் திறந்து வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். நான் உள்ளே போனால் போதும். 'ஆமாங்க, சின்னச் சண்டை, இப்ப சரியாயிடுச்சு.' அவ்வளவுதான். எண்பத்தொன்று, ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர். வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு அடுக்களைக்கும் வாசலுக்குமாக நடந்தேன்.

"கேட்குதுங்களா?"

"கேட்குதுங்க. மாறல. அவரு பேர்ல முதல்ல போனதும் நான் எழுதினதுதான். அவரு தூங்கிட்டிருந்தாரு. அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்கல. இப்ப அனுப்பினதுதான் அவரு எழுதினது."

"இத நீங்க சொல்லியிருக்க வேண்டியதில்ல" என்றார். "சொன்ன பிறகு எனக்கு வேற வழியில்ல. விதிப்படி எழுதிக் கொடுத்தவங்க, எழுதி வாங்கினவங்க, ரெண்டு பேருக்கும் கட்டுரைக்குப் பூஜ்யம். இறுதித் தேர்வு எழுதலாம். நல்லா எழுதுங்க."

போனை வைத்ததும் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வருகைக்கு இருபது. இடைத்தேர்வு பத்தொன்பது. தேர்ச்சிக்கு அறுபது வேண்டும். இறுதித் தேர்வில் முப்பதுக்கு இருபத்தொன்று. மான்சுவுக்குப் பதினாறு போதும்.

அவருக்குப் போன் செய்தேன். சரக்கு இறக்கும் வரிசையில் இருந்தார். பின்னால் யாரோ ஐஸ் பெட்டியை இழுக்கும் சத்தம்.

"சொல்லிட்டேன்" என்றேன். "பூஜ்யம். ரெண்டு பேருக்கும்."

"எனக்குமா? நான் தூங்கிட்டுத்தானே இருந்தேன்?"

"தூங்கினவங்களுக்கும் பூஜ்யம்தானாம்."

அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இடுப்பு எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"இப்ப ஒண்ணும் இல்ல. வரிசை பெருசா இருக்கு. இன்னும் நாப்பது நிமிஷமாகும். கேள்வி ஏதாவது கேளு. உனக்குத்தான் இருபத்தொண்ணு வேணும்."

அன்று தொடங்கியது. தினமும் பத்தரைக்கு அவர் வரிசையில், நான் மேசையில். நான் கேள்வியைப் படிப்பேன், அவர் விடை சொல்வார். அவர் கேட்பார், நான் தப்பாகச் சொல்வேன். நடுவில் முன்னால் நிற்கும் லாரிக்காரனைத் திட்டுவார். நடுவில் மீன் விலை சொல்வார். ஒரு நாள் நாற்பது நிமிடமும் ஒரு கேள்விகூடப் படிக்காமல் போயிற்று. சேபோமுக்குப் பள்ளியில் யாரோ ஒரு பையன் கடிதம் கொடுத்தானாம், அது அவருக்குத் தெரியுமாம், எனக்குத் தெரியாதாம். பாடம் போச்சே என்று பதறிக்கொண்டு மையத்துக்கு ஓடினேன்.

ஒரே வீட்டு இணையத்திலிருந்து இருவரும் தேர்வு எழுதினால் மறுபடி சந்தேகம் வரும் என்று ஆலோசகர் மா எச்சரித்திருந்தாள். அதனால் ஜூன் மாதம் தேர்வு நாளன்று அவர் தெருமுனையிலிருந்த கணினி விளையாட்டுக் கடைக்குப் போனார். நான் வீட்டில். ஒரு மணி நேரம். பதினேழாவது கேள்வியில் இரண்டு விடைக்கு நடுவில் ஆறு நிமிடம் நின்றேன். முடித்துவிட்டு எழுந்தால் ப்ளவுஸ் முதுகோடு ஒட்டியிருந்தது.

அவர் முகம் சிவந்து வந்தார். "பக்கத்து சீட்டுல ஒருத்தன் கோட்டையப் பிடிச்சுட்டேன், கோட்டையப் பிடிச்சுட்டேன்னு கத்தறான். நான் குழந்தைகள் நலச் சட்டத்த யோசிக்கறேன். அவன் காதுல விழற மாதிரி, போய்க் கோட்டைய எதிரிகிட்டயே திருப்பிக் குடுத்துடுடான்னேன்."

மதிப்பெண் வருவதற்குப் பதினோரு நாள். பட்டத்துக்கு விண்ணப்பிக்கிற கடைசி நாள் நெருங்கிக்கொண்டே வந்தது. ஒரு நாளைக்கு முப்பது தடவை பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஹ்வாங் அம்மா ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் என் முகத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போனார். வேலையை விடப்போகிற டீச்சர் தன் மேசையைக் காலி செய்ய ஆரம்பித்திருந்தார். அந்தப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.

ஜூலை முதல் வாரம், வெங்காயம் நறுக்கும்போது பக்கம் மாறியிருந்தது. அறுபத்தொன்று.

கண்ணில் வெங்காயம் என்பதால் இரண்டு தடவை துடைத்துவிட்டுப் பார்த்தேன். அறுபத்தொன்றேதான். கத்தியைக் கீழே வைக்காமலே ஹ்வாங் அம்மாவின் அறைக்கு ஓடினேன். அவர் பயந்து நாற்காலியோடு பின்னால் போனார்.

"கத்திய வச்சுட்டுச் சொல்லு கும்ஜு!"

சொன்னேன். அவர் எழுந்து என் தோளைத் தட்டினார். "விண்ணப்பத்த இன்னிக்கே போடு. நாளைக்குன்னு வைக்காத."

மான்சுவுக்குப் போன் செய்தபோது லாரி ஓடிக்கொண்டிருந்தது.

"அறுபத்தொண்ணு!"

"அப்பாடா." ஹாரன் அடித்தார், இரண்டு தடவை. யாருக்கென்று தெரியவில்லை.

"உங்களுது?"

"காலைலயே பார்த்துட்டேன். அம்பத்தெட்டு."

"என்னது?"

"பதினாறு வேணும்ல? பதினாலுதான் வந்திருக்கு. அந்தக் கோட்டைக்காரன் ரெண்டு மார்க்கத் தின்னுட்டான்."

"காலைலயே தெரிஞ்சு ஏன் சொல்லல?"

"உன்னுது வரட்டும்னு இருந்தேன். நீ அழுதுட்டே வெங்காயம் நறுக்குவியே."

அந்தக் கட்டுரையை அவரே எழுதியிருந்தால் இருபதில் பத்தாவது வந்திருக்கும். தேறியிருப்பார். அதைச் சொன்னேன். "காய்ச்சல்ல எழுதியிருந்தா ஒண்ணுதான் வந்திருக்கும்" என்றார். பிறகு, "செப்டம்பர்ல மறுபடி எடுக்கறேன். நானே சேர்ந்துட்டேன். மா கிட்ட பேசிட்டேன். தள்ளுபடி கிடையாதாம், ஒத்த ஆளுக்கு" என்றார்.

செப்டம்பரில் எனக்கு ஒரு மேசை கிடைத்தது. பிள்ளைகள் முதல் வாரம் 'சித்தி டீச்சர்' என்றார்கள். அதற்குமேல் மாற்றிக்கொள்ள மறுத்துவிட்டார்கள்.

நவம்பரில் ஒரு ஞாயிறு, மான்சு மேசையைத் தானே துடைத்துத் தாள் போட்டார். அதே பாடம், அதே கட்டுரை. நான் பக்கத்து நாற்காலியை இழுத்தேன்.

"எந்திரி" என்றார்.

"நான் சும்மாதான் உட்கார்றேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

"நீ உட்கார்ந்தாலே பேசற மாதிரிதான். எந்திரி, எந்திரி."

எழுந்தேன். சேபோமின் அறைக்குப் போனேன். அவள் கதவைப் பூட்டியிருந்தாள். பால்கனிக்குப் போனேன், குளிர். அடுக்களைக்கு வந்து, இறக்கி வைத்த சூப்பை மூடித் திறந்து பார்த்தேன். அரை மணி நேரத்துக்கு மேல் தாங்கவில்லை.

"ஏங்க, சூப் ஆறுது."

"ஆறட்டும்."

"யாரப் பத்தி எழுதறீங்க?"

"உன்னப் பத்தித்தான்."

"நல்லதாவா?"

அவர் பேனாவின் முனையைக் கடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "இன்னும் முடிவு பண்ணல" என்றார். "போய் சூப்பச் சூடு பண்ணு. ஒரு மணி நேரம் ஆகும்."